மடியில் வந்த மாலை

நான் புத்தரைத் தேடிப் போனது ஞானத்துக்காக அல்ல, பெரியப்பாவுக்குப் பதில் கொடுப்பதற்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னைச் சாதுவென்று நினைத்து ஏமாற வேண்டாம்.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவின் மேற்கு முனையில் ஒரு பஜனை மடம் உண்டு. அதில் முழ உயரத்தில் ஒரு கிருஷ்ணன். வருஷத்தில் ஒரு நாள், புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, சப்பரத்தில் ஏறி எங்கள் தெருவைச் சுற்றி வருவார். வீட்டுக்கு வீடு நிற்பார். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, துளசி வாங்கிக்கொண்டு அனுப்ப வேண்டும். மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டியதாக இருக்க வேண்டும். உள்ளூர்ப் பூ ஆகாது. உச்சிக்கு முன்னால் சப்பரம் மடத்தை விட்டு இறங்கியாக வேண்டும். அப்போது தெருவில் எந்த வீட்டிலும் பிணம் கிடக்கக் கூடாது. கிடந்தால் அதை எடுத்த பிறகுதான் சாமி வெளியே வருவார்.

மடத்துக்குப் பொறுப்பு என் பெரியப்பா, அப்பாவின் உடன்பிறந்த அண்ணன். ஜின்னிங் பேக்டரி வைத்திருந்தார். பஜனையில் முதல் குரல் அவருடையது. நல்ல குரல்தான், அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகும். என் அப்பா நான் விவரம் அறியும் முன்பே போய்விட்டார். அம்மா பெரியப்பாவின் கொட்டகையில் பருத்தியிலிருந்து தூசி தும்பு பொறுக்கி என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்க வைத்தாள். படித்து முடித்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கோர்ட்டுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஊருக்கு ஏழு மைல். பஸ் ஏறினால் ஒரு பாட்டம் பேசி முடிப்பதற்குள் வந்துவிடலாம்.

அந்த ஏழு மைல்தான் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. வக்கீல் வீட்டில் ஒரு பிராதைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு மத்தியானம் ஊருக்குப் போய்ச் சப்பரம் பார்ப்பதாகத் திட்டம். வாசலில் ஜால்ரா மாமா வந்து நின்றார். எங்கள் மடத்தில் ஜால்ரா போடுகிறவர். வருஷா வருஷம் மாலை வாங்க வருகிறவரும் அவர்தான். கையில் மூங்கில் கூடை, மேலே வாழை இலை மூடி ஈரத் துணி கட்டியிருந்தது.

“ஏலே, கிளம்பு. அம்மைக்கு மேலுக்குச் சரியில்லையாம். பெரியப்பா கூட்டியாரச் சொன்னாவ.”

“என்ன மாமா, எப்ப இருந்து?”

“காலையில இருந்து. ஒண்ணுமில்ல. கிளம்பு, பஸ் போயிரும்.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கிற வயசா அது? ஓடிப் பஸ்ஸைப் பிடித்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில் பெருமாளை மலையேறிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டம், மொட்டைத் தலையும் நாமமுமாக நெரிந்துகொண்டிருந்தது. ஒரு இடம்தான் கிடைத்தது. மாமா என்னை உட்கார வைத்துக் கூடையை என் மடியில் வைத்துவிட்டு, தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

துளசி, மரிக்கொழுந்து, சம்பங்கி. ஈரம் சொட்டி என் வேட்டியெல்லாம் நனைந்தது. பக்கத்தில் ஒருவர் தூங்கிச் சாய்ந்து கூடையில் முழங்கையை ஊன்றினார். நான் அவரோடு சண்டைக்கே போய்விட்டேன். “யோவ், சாமி மாலைய்யா! பார்த்து உக்காருமய்யா!” என்று கத்தினேன். பஸ் குலுங்கின இடத்திலெல்லாம் இரண்டு கையாலும் கூடையை அணைத்துக்கொண்டேன். பச்சைப் பிள்ளையை வைத்திருப்பதுபோல வைத்திருந்தேன்.

பஸ் நின்றதும் மாமா கூடையை வாங்கிக்கொண்டார். “நீ வீட்டுக்கு ஓடு” என்றார். அவர் மடத்தின் பக்கம் ஓடினார்.

எங்கள் வீட்டு வாசல் கழுவி விடப்பட்டிருந்தது. எதிர் வீட்டுப் படியில் என் பெரியப்பா மகன், என்னைவிட ஒரு வயது மூத்தவன், ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். தலை மொட்டை. புது மொட்டை, வெள்ளை வெளேரென்று இருந்தது. அவன் திருவண்ணாமலைக்குப் போய் முடி கொடுத்தானா என்று நினைத்தேன். ஒரு கணம்தான். பிறகு அவன் எழுந்து நின்ற விதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா விடியும் முன்பே போயிருக்கிறாள். நெஞ்சு வலி. மில் சங்கு ஊதும்போது மூச்சு இல்லை. சப்பரம் புறப்பட வேண்டுமே! பாடை கட்டி, எடுத்து, பங்காளி என்று இந்த அண்ணனை வைத்துக் கொள்ளியும் வைத்து, தெருவைக் கழுவியும் முடித்துவிட்டார்கள். எனக்குச் சொல்லத் தனி ஆள் அனுப்பவில்லை. மாலை வாங்கப் போகிற ஆளிடமே சொல்லிவிட்டிருக்கிறார்கள். அவர் முதலில் பூக்கடைக்குப் போய், மாலை கட்டி முடிகிற வரைக்கும் காத்திருந்து, அதற்குப் பிறகு என்னிடம் வந்திருக்கிறார்.

நான் அழுதேனா என்று ஞாபகமில்லை. பெரியப்பாவின் சட்டையைப் பிடித்தது ஞாபகமிருக்கிறது. சட்டை இல்லை, அங்கவஸ்திரம். பட்டு.

“ஒரு மணி நேரம்! ஒரு மணி நேரம் பொறுக்க முடியலையா உங்களுக்கு?”

“என்னலே செய்யச் சொல்லுத? சாமி நிக்க முடியுமா? பங்காளி வச்சா மகன் வச்ச மாதிரிதான். போ, தலை முழுகு. நாளைக்குக் காடாத்துக்கு நீ இருந்தாப் போதும்.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மடத்தில் மணி அடித்தது. அவர் என் கையை எடுத்து விட்டுவிட்டுப் போனார். என் பிடியில் பட்டுத் துணியில் விழுந்த சுருக்கத்தை நீவிக்கொண்டே போனார்.

சப்பரம் வந்தது. தீட்டு வீடு என்று எங்கள் வாசலில் மட்டும் நிற்காமல் போனது. பங்காளித் தீட்டு பெரியப்பாவுக்கும் உண்டு, ஆனால் தலை முழுகிவிட்டால் மடத்துப் பொறுப்பில் இருப்பவரை அது ஒட்டாதென்று வழக்கம். கிருஷ்ணன் கழுத்தில் மாலை. ஏழு மைல் நான் மடியில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்த மாலை.

பெரியம்மா மட்டும் சப்பரத்தின் பின்னால் போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “வந்துட்டானா, வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே இருந்தாய்யா உங்கம்மை. பஸ்ஸுல வந்துருவான், செத்த பொறுங்கன்னு நானும் சொல்லிப் பாத்தேன். பொம்பளை பேச்சு எடுபடலை.” அவ்வளவுதான் சொன்னாள். அந்தத் தெருவில் எனக்காகப் பேசின ஒரே ஆள் அவள்.

மறுநாள் காடாத்தில் எலும்பு பொறுக்கினேன். எனக்கு மிச்சம் வைத்திருந்தது அதுதான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே யோசனை. பெரியப்பாவுக்கு வலிக்க வேண்டும். எங்கே வலிக்கும்? சொத்தில் கை வைக்க எனக்கு வழியில்லை. அடிக்கப் போனால் போலீஸ். அவருக்கு உயிர் மடத்தில் இருந்தது, அந்தக் கிருஷ்ணனில் இருந்தது. சரி, அங்கேயே கை வைக்கிறேன் என்று முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு சோடாக் கடையில் கிடைத்தது. கடைக்காரர் கொழும்பில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். சோடா பாட்டில்களுக்கு நடுவே உள்ளங்கை அளவில் ஒரு சுண்ணாம்புச் சிலை வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு, யாரையும் சட்டை செய்யாமல் உட்கார்ந்திருந்தது.

“இது யாரு அண்ணாச்சி?”

“புத்தரு. கொழும்புல தெருவுக்குத் தெரு உண்டும். கடைக்கு அழகா இருக்கும்னு தூக்கியாந்தேன். எலுமிச்சை சோடாவா, பன்னீர் சோடாவா?”

“இவரைச் சப்பரத்துல தூக்குவாங்களா?”

“எனக்கென்னய்யா தெரியும்? வேணுமின்னா நீரு எடுத்துக்கிடும். நமக்குப் பாட்டில் வைக்க எடம் ஆகும்.”

நான் எடுத்துக்கொண்டேன். சிலையோடு இங்கிலீஷில் இரண்டு துண்டுப் பிரசுரங்களும் கொடுத்தார். அவர் பொட்டலம் மடிக்க வைத்திருந்தவை. அறைக்கு வந்து விடிய விடியப் படித்தேன். இந்த மனிதர் கடவுள் உண்டா என்ற கேள்விக்கே பதில் சொல்லவில்லையாம்! பிறப்பால் உயர்வு இல்லையாம், யாகம் இல்லையாம், புரோகிதர் இல்லையாம். எனக்கு ஆகாயத்தில் பறப்பதுபோல் இருந்தது. இதை வைத்துப் பெரியப்பாவை என்ன பாடு படுத்தலாம்! பகையை விடச் சொல்லி ஒரு பக்கம் இருந்தது. அதை மட்டும் வேகமாகப் புரட்டிவிடுவேன். பிற்பாடு படித்துக்கொள்ளலாம், என்ன அவசரம்?

ராஜபாளையம் வீட்டில், அம்மாவின் அடுப்படி மாடத்தில் புத்தரை வைத்தேன். அந்த மாடத்தில் ஏற்கெனவே அம்மாவின் சின்னப் பித்தளைக் கிருஷ்ணன் இருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு தவழ்கிற பிள்ளை. அதைத் தூக்கி எறியக் கை வரவில்லை. அம்மா தினமும் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதன் மூக்கே மழுங்கிப் போயிருந்தது. சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். தப்புச் செய்த பையனைப் பள்ளிக்கூடத்தில் நிற்க வைப்பதுபோல.

திதி கொடுக்க மாட்டேன் என்றேன். பெரியப்பா புரோகிதரைக் கூட்டிக்கொண்டு வந்தார். திருப்பி அனுப்பினேன். அடுத்த புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, சப்பரம் எங்கள் வாசலுக்கு வரும் நேரம் பார்த்துக் கதவைப் படாரென்று சாத்தி உள்ளே தாழ் போட்டேன். எங்கள் தெருவில் அதுவரை யாரும் செய்யாத காரியம். சாமி வாசலில் நிற்கும்போது கதவைச் சாத்துவதென்றால், வீட்டுக்கு வந்தவனை வெளியே போ என்பதற்குச் சமம். பஜனை நின்றுவிட்டது. வெளியே பெரியப்பாவின் குரல் கேட்டது: “தொறலே! சாமி நிக்காரு!”

உள்ளிருந்து சொன்னேன்: “நிக்க முடியாதுன்னீங்களே பெரியப்பா!”

அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. வயிறு நிறைந்திருந்தது.

தெருவில் எனக்குப் பெயர் வந்தது. குளத்துக்குப் போனால், “ஏலே புத்தா, போதிமரம் எங்கலே? வேப்பமரந்தான் இருக்கு, பரவாயில்லையா?” என்பான்கள். “உன்னை உக்காத்தி வச்சா வேப்பமரமும் பட்டுப் போகும்லே” என்பேன். வக்கீல் கூட ஒரு நாள் கட்சிக்காரர் முன்னால், “நம்ம குமாஸ்தா பௌத்தர். சாட்சிக் கூண்டில் ஏறினால் எதன் மேல் சத்தியம் செய்வார் என்று தெரியவில்லை” என்று சிரித்தார். எனக்கு அதெல்லாம் உரம். வாரம் முழுவதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணில் படுகிறவரிடமெல்லாம் புத்தரைப் பற்றிப் பேசினேன். சனிக்கிழமை மாலை ஊருக்குப் போய் மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து மூச்சைக் கவனித்தேன். மூச்சைக் கவனித்தால் பெரியப்பா முகம் வரும். பட்டு அங்கவஸ்திரத்தை நீவுகிற அந்தக் கை வரும். இருக்கட்டும் என்று அதையும் கவனித்தேன்.

யுத்தம் தொடங்கின புதிதில், சோடாக் கடைக்காரரின் உறவினர் ஒருவரோடு கொழும்புக்கே போய்விட்டேன். பிக்குவாகிவிடுவதென்று முடிவு. மொட்டை அடித்துக் காவி கட்டிக்கொண்டு வந்து பெரியப்பா வீட்டு வாசலில் ஓடேந்தி நிற்க வேண்டும். அவர் எனக்குச் சோறு போட வேண்டும். இதைக் கப்பலில் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

விஹாரைக்குப் போனேன். வாசலில் பூக்கடை, வரிசையாக. உள்ளே போனால் புத்தருக்கு முன்னால் அம்பாரமாகப் பூ. வெளியே ஒரே கொட்டு. எட்டிப் பார்த்தால், யானை மேல் குடை பிடித்து எதையோ ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்கள். பாதை ஒதுங்கச் சொல்லி ஒருவன் என்னைத் தள்ளினான். இங்கேயும் சப்பரமா! பிரசுரத்தில் இது இல்லையே!

உள்ளே ஒரு பிக்கு, என்னைவிடச் சின்ன வயசு, உடைந்த தமிழில் கேட்டார்: “பூ இல்ல? பூ வாங்கி வா.”

வாங்கவில்லை. வெறுங்கையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கிழவி வந்தாள். ஒரே ஒரு பூவை, காம்பு கிள்ளி, நீர் தெளித்து, மற்றப் பூக்களின் ஓரத்தில் வைத்தாள். வைத்த இடம் பிடிக்காமல் நகர்த்தி நகர்த்தி வைத்தாள். அம்மா துளசியை அப்படித்தான் வைப்பாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. பிக்குவாகாமல் திரும்பிவிட்டேன். ஆனால் புத்தரை விடவில்லை. ஊர்வலம் போகிறவர்கள் பாடு, அது வேறு. சோடாக் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தாரே, அவர் என்னுடையவர்.

வருஷா வருஷம் கதவைச் சாத்தினேன். அதுவும் பழகிப் போயிற்று. சப்பரக்காரர்கள் எங்கள் வாசலில் நிற்காமலே போக ஆரம்பித்துவிட்டார்கள். அது எனக்குத் தோல்வி. கதவு சாத்துகிற சத்தத்தைக் கேட்க ஆளில்லையென்றால் எதற்குச் சாத்துவது?

யுத்தம் நடுவில். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரி அடுப்பை முதுகில் சுமந்துகொண்டு ஓடின காலம். புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் ஊருக்கு வந்திருந்தேன், கதவு சாத்துவதற்கென்றே. சனிக்கிழமை விடிகாலையில் பெரியப்பா வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. போனேன். பெரியம்மா.

பூவும் பொட்டுமாகப் போய்விட்டாள். நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நான் காலைத் தொட்டுவிட்டு ஓரமாக நின்றேன். கூட்டத்தில் பேச்சு வேறாக இருந்தது. அண்ணன் மதுரையில் நூல் கடையில் வேலை. தந்தி கொடுத்தாகிவிட்டது. சாயங்கால ரயிலுக்குத்தான் வந்து சேர முடியும். சப்பரமோ உச்சிக்கு முன்னால் இறங்க வேண்டும்.

தெருப் பெரியவர்கள் பெரியப்பாவைச் சுற்றிக் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஊரில் இருக்கிற பங்காளி நான் ஒருவன்தான்.

ஒருவர் வந்து என் தோளைத் தொட்டார். “தம்பி, நீதான் ஒரு கை கொடுக்கணும். அவன் வர இருட்டிரும். நீ வச்சா அவன் வச்ச மாதிரி.”

“நான் புத்தன்லா? எனக்கென்ன தெரியும்?” என்றேன்.

“அதெல்லாம் பேசுத நேரமா இது?”

“சரி. கேக்க வேண்டியவர் கேக்கட்டும்.”

பெரியப்பா எழுந்து வந்தார். ஒரு நாளில் கிழவராகியிருந்தார். என்னை அவர் “ஏலே” என்று மட்டுமே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னார்: “ஐயா, நீ கொள்ளி வச்சிரு ஐயா. சாமி நிக்காரு.”

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! நான்கு வருஷமாக என்ன கேட்டேனோ அது தட்டில் வைத்து வந்தது. என் அம்மாவுக்கு அவன் கொள்ளி வைத்தான். அவன் அம்மாவுக்கு நான் வைக்கப் போகிறேன். அவன் இருட்டும்போது ரயிலை விட்டு இறங்கி ஓடி வருவான். வாசல் கழுவியிருக்கும். எதிர்ப் படியில் நான் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அவர்களே கேட்டார்கள், கும்பிட்டுக் கேட்டார்கள்.

“குளிச்சிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வைப்பதென்றுதான் வந்தேன். கிணற்றில் இறைத்துத் தலையில் ஊற்றினேன். ஈர வேட்டியோடு அடுப்படிக்குள் வந்தபோது ஜால்ரா மாமா கொல்லை வழியாக ஓடி வந்தார். கரி பஸ்ஸில் வந்த முகம், புகை படிந்திருந்தது.

“தம்பி, சீக்கிரம். பெரியப்பா அவசரப்படுதாவ. பாடை கட்டியாச்சு.”

அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். கையிலிருந்து வாசனை வந்தது. மரிக்கொழுந்து, சம்பங்கி, துளசி. ஈரத் துணி வாசனை. என் மடியெல்லாம் நனைந்தாற்போல் இருந்தது.

“மாலை வந்துட்டா மாமா?”

“வந்துட்டு, வந்துட்டு. மடத்து வாசல்ல வச்சிட்டு ஓடியாறேன். நீ வா.”

“இன்னொரு மாலை வேணும்னா எம்புட்டு நேரமாகும்?”

“இன்னொண்ணா? ஐயோ, ஒரு பஸ்தானய்யா ஓடுது. போய், கட்டி, வரணும்னா விளக்கு வச்சிரும். ஏன், இது நல்லாத்தான இருக்கு?”

மாடத்தைப் பார்த்தேன். புத்தர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. செத்த பொறுங்கன்னு சொல்லிப் பாத்தேன் என்று பெரியம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அவளுடைய பிள்ளை வருகிற வரைக்கும் செத்த பொறுங்க என்று சொல்ல அங்கே இன்றைக்கு யாரும் இல்லை.

அண்ணனைப் பழிவாங்கினால் வலிப்பது அவனுக்கும் அவளுக்கும். பெரியப்பாவுக்கு என்ன வலிக்கும்? அவர் சப்பரத்தோடு போய்விடுவார். அன்றைக்குப் போனதுபோல அங்கவஸ்திரத்தை நீவிக்கொண்டு போய்விடுவார்.

ஈர வேட்டியோடு மடத்துக்கு நடந்தேன். எல்லோரும் இழவு வீட்டில் இருந்தார்கள். வாசலில் கூடை தனியாக இருந்தது. துணியை அவிழ்த்து மாலையைத் தோளில் போட்டுக்கொண்டேன். நல்ல கனம். தெரு நடுவே, எல்லோரும் பார்க்க, பெரியப்பா வீட்டுக்குள் போனேன். வழி விட்டார்கள், என்னவென்று யாருக்கும் புரியவில்லை. பெரியம்மாவின் தலையை லேசாகத் தூக்கி மாலையைக் கழுத்தில் போட்டு, இரண்டு பக்கமும் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தேன்.

பெரியப்பா கத்தினார்: “அபச்சாரம்! சாமி மாலையடா அது!”

“ஆமா, சாமி மாலைதான். நல்லாத் தெரியும். நான் மடியில வச்சுச் சுமந்திருக்கேன்.”

“பொணத்து மேல...”

“ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பொண்ணு போட்டுப் பாத்த மாலையைத்தான் பெருமாள் கேட்டு வாங்கிக்கிட்டாருன்னு வருசா வருசம் நீங்கதான பாடுதீங்க? பெரியம்மாவும் பொண்ணுதான். உங்க சாமியக் கேட்டுப் பாருங்க, வேணும்னு சொன்னா எடுத்துட்டுப் போங்க.”

ஒருவர் குனிந்து மாலையை எடுக்கப் போனார். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அத்தை, “வத்து, வத்து! வேண்டாம்!” என்று அலறிக்கொண்டு அவர் கையைத் தட்டிவிட்டாள். “சுமங்கலி கழுத்துல ஏறின பூவைப் பிடுங்குவீரோ? உம்ம வீட்டுல பொம்பளைங்க இல்லையோ?” அதோடு பெண்கள் எல்லோரும் சுற்றி அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சுமங்கலியாகப் போனவளின் பூவில் கை வைக்க எங்கள் தெருவில் எந்த ஆம்பளைக்கும் துணிச்சல் கிடையாது. எனக்கு அது முன்பே தெரியும். நம்பித்தான் போட்டேன்.

மாலை இல்லாமல் சப்பரம் இறங்காது. வேறு மாலைக்கு ஜால்ரா மாமா மறுபடி கரி பஸ் ஏற வேண்டும். ஆக, பிணத்தை அவசரமாக எடுத்து ஆகப் போவது ஒன்றுமில்லை. எல்லாருக்கும் இது ஒவ்வொருவராகப் புரிந்தது. பெரியப்பாவுக்குக் கடைசியில் புரிந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

நான் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: “நிக்க முடியும் பெரியப்பா. பாருங்க, சாமி நிக்காரு.”

மத்தியானமெல்லாம் நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஒரு தடவை அவர் பெரியம்மா முகத்தில் உட்கார்ந்த ஈயை அங்கவஸ்திரத்தால் விசிறினார். பிறகு விசிறிக்கொண்டே இருந்தார். அவர் அழுதபோது நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். இரக்கம் வந்ததா என்றால், வந்தது. கொஞ்சம்தான், என் அனுமதி இல்லாமல்தான்.

சாயங்கால ரயிலில் அண்ணன் வந்தான். வாசலில் கழுவின ஈரம் இல்லை என்பதைப் பார்த்தான். உள்ளே ஓடி விழுந்தான். அவன்தான் எடுத்தான், அவன்தான் வைத்தான். இருட்டி வெகு நேரமான பிறகு, மாமா கொண்டுவந்த புது மாலையோடு சப்பரம் இறங்கியது. முதல் தடவையாகத் தீவட்டி வெளிச்சத்தில் கிருஷ்ணன் தெருவைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

காடாத்து முடிந்து திரும்பும்போது அண்ணன் என்னோடு நடந்தான். “உன்னைக் கேட்டாவளாமே. ஏன்லே வைக்கலை?”

“உனக்கு என்ன கிடைச்சதுன்னு நீ பாக்கணும்லா. அப்பத்தான் எங்கிட்ட இருந்து நீ எதை எடுத்தேன்னு உனக்குத் தெரியும்.”

“எனக்கு அப்ப பத்தொம்பது வயசு. அப்பா சொன்னாவ, செஞ்சேன்” என்றான். அவன் சொன்னது நிஜம். அதனால் எனக்கு அவன் மேல் இருந்த கோபம் முழுவதும் திரும்பிப் பெரியப்பாவிடமே போய்ச் சேர்ந்தது.

மடத்தில் கூட்டம் போட்டு என்னை விலக்கிவிட்டார்கள். துளசி கிடையாது, சுண்டல் கிடையாது. நான் சிரித்தேன். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்தபோது, முதுகைக் காட்டிக்கொண்டிருந்த பித்தளைப் பிள்ளையைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. அம்மாவின் கிருஷ்ணனுக்கும் பெரியப்பாவின் கிருஷ்ணனுக்கும் என்ன சம்பந்தம்? நான் எதற்கு அவருக்கு இவனைத் தாரை வார்த்துக் கொடுத்தேன்? பெரியப்பா என்னிடமிருந்து எடுத்ததில் இதுவும் ஒன்று. நானாகவே தூக்கிக் கொடுத்தது. திருப்பி வைத்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். இப்போது காலையில் அவனுக்கு ஒரு அகல் ஏற்றுவேன். அம்மா ஏற்றினாள் என்பதற்காக. ஏற்றிவிட்டுப் புத்தருக்கு முன்னால் கண்ணை மூடி உட்காருவேன். பகையைப் பற்றின அந்தப் பக்கத்தையும் இப்போது புரட்டாமல் படிக்கிறேன். படிக்கிறேன், அவ்வளவுதான். நீ எந்த மதம் என்று வக்கீல் கேட்டார். “அடுப்படி மாடம்” என்றேன்.

அடுத்த வருஷம் கடைசிச் சனிக்கிழமை கதவைத் திறந்து வைத்தேன். தேங்காய் இல்லை, சூடம் இல்லை, தட்டே இல்லை. வாசல் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நிற்காமல் போய்ப் பழகின சப்பரக்காரர்கள் திறந்த கதவைப் பார்த்ததும் திகைத்துவிட்டார்கள். திறந்த வீட்டைத் தாண்டிப் போக வழக்கம் இல்லை. நின்றார்கள்.

சப்பரத்துக்கு முன்னால் பெரியப்பா. மற்ற வீட்டில் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அவரும் என் வாசலில் நின்றாக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பஜனை பாடிக்கொண்டே இருந்தார். குரல் மட்டும் பழைய குரல். நான் அவரை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் பார்த்தேன். மன்னித்துவிட்டாயா என்று சோடாக் கடைக்காரர் பிறகு கேட்டார். இல்லை. அவர் என் வாசலில் நிற்க வேண்டும், ஒவ்வொரு வருஷமும் நிற்க வேண்டும். அதற்காகவே கதவைத் திறந்து வைப்பேன்.

அப்புறம்தான் மேலே பார்த்தேன். கிருஷ்ணன் கழுத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் மாலை, இன்னும் ஈரம் காயவில்லை. காற்றில் மரிக்கொழுந்து வந்தது. கையை நான் கூப்பவில்லை. கட்டியிருந்த கை மட்டும் எப்போதோ தானாக அவிழ்ந்திருந்தது.